கைபட்ட தடம் தெரியாத வேலை

குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரை முதன்முறையாகத் திறக்கும் ரேடியோ மெக்கானிக் காந்தத்தைத் தேடுவார். காந்தம் இருக்காது. காயிலும் இல்லை, காகிதக் கூம்பும் இல்லை. துளையிட்ட இரண்டு தட்டுகள். அவற்றின் நடுவே, இரண்டையும் தொடாமல், இழுத்துக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் படலம். அந்தப் படலத்தின் மேல் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னூட்டம் நிற்கிறது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் பாட்டு ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் பல மடங்கு பெருகி, இரண்டு தட்டுகளுக்கும் எதிரெதிராகப் போகிறது. ஒரு தட்டு இழுக்கும்போது மற்றது தள்ளும். படலம் அசைகிறது, காற்று அசைகிறது, பாடகர் நம் அறையில் உட்கார்ந்து பாடுகிறார்.

எடையைச் சொன்னால்தான் இதன் அருமை புரியும். 6 மைக்ரான் தடிமனுள்ள பாலியெஸ்டர் படலம் ஒரு சதுர மீட்டருக்கு 8 கிராம் சொச்சம் இருக்கும். அதே பரப்பில் 7 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் காற்றின் எடையும் அவ்வளவுதான். காற்றை அசைக்க ஏறக்குறையக் காற்றளவே கனமுள்ள ஒன்றை வைத்திருக்கிறார்கள். சாதாரண ஸ்பீக்கரில் காயில் கூம்பின் நடுப்பகுதியை மட்டும் தள்ளும். அந்தத் தள்ளல் ஓரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கூம்பு தன் போக்கில் கொஞ்சம் நெளிந்துவிடும். இங்கே பரப்பு முழுவதும் ஒரே விசை ஒரே நேரத்தில் விழுகிறது. அசை என்றால் அசைகிறது, நில் என்றால் நிற்கிறது. தம்புரா ஒலிப்பதிவைப் போட்டால் முதல் மீட்டிலேயே வித்தியாசம் தெரியும்: தந்தியைத் தொடும் விரல், அதன் பின் எழும் நாதம், அந்த நாதத்துக்குள்ளிருந்து பிரிந்து மேலேறும் சுரங்கள், எல்லாம் தனித்தனியாகக் காதில் விழும். எம்.டி.ராமநாதனின் தாழ்ந்த சுருதிக் குரலை, பழைய மோனோ பதிவாகவே இருந்தாலும், இதில் கேட்க வேண்டும். அந்த அடர்த்தி ஒரு பெட்டிக்குள்ளிருந்து வருவதாகவே தோன்றாது. இந்த ஸ்பீக்கருக்குப் பெட்டியே கிடையாது.

கருத்து பழையது. கூம்பு ஸ்பீக்கருக்கு இன்றைய வடிவத்தைத் தந்த இருவரில் ஒருவரான எட்வர்ட் கெல்லாக், ஜெனரல் எலக்ட்ரிக்கில் இருந்தபோது 1929-லேயே எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அன்று அதற்கு ஏற்ற படலம் உலகத்தில் இல்லை. பாலியெஸ்டர் படலம் 1950களின் தொடக்கத்தில்தான் வந்தது. 1954-ல் ஹார்வர்டின் ஃபிரெடரிக் ஹண்ட், படலத்தின் மேலுள்ள மின்னூட்டம் மாறாமல் நின்றால் ஒலிச் சிதைவு மறைந்துபோகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மறுவருடம் இங்கிலாந்தில் குவாட்டை உருவாக்கிய பீட்டர் வாக்கர் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் இதைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பில் பெயர் பெற்ற டி.டி.என்.வில்லியம்சன் அவரோடு சேர்ந்து உழைத்தார். 1957-ல் ஹண்டிங்டன் ஊரிலிருந்த வாக்கரின் தொழிற்சாலையில் இந்த ஸ்பீக்கரின் உற்பத்தி தொடங்கி, 1980களின் நடுப்பகுதி வரை நடந்தது. ரசிகர்கள் அதை ‘57’ என்று அழைக்கிறார்கள். அதன் தம்பியான ‘63’, பெயரிலுள்ள 1963-ல் ஆராய்ச்சியாகத் தொடங்கி, 1981-ல்தான் கடைக்கு வந்தது. பதினெட்டு வருடம் ஒரு ஸ்பீக்கரின் மேல் உட்கார்ந்திருக்கும் பொறுமை அந்தத் தொழிற்சாலைக்கு இருந்தது. அங்கே செய்ததைப் பழுதுபார்ப்பவருக்கும் அந்தப் பொறுமையில் கொஞ்சமாவது வேண்டும்.

இன்று கைக்கு வரும் 57 எதற்கும் நாற்பது வயதுக்குக் குறைவில்லை. ஓடாமல் நின்று போனது குறைவு. ‘முன்பு போல இல்லை’ என்று வருவதுதான் அதிகம். ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும், மழைக்காலத்தில் உஸ்ஸென்ற சத்தம் வரும், ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் தகரம் அதிர்வது போலக் கேட்கும். ஆகவே இந்த வேலையில் ஸ்க்ரூ டிரைவருக்கு முன்னால் காது வேலை செய்ய வேண்டும். எழுபது ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக மேலேறும் ஒற்றைச் சுரத்தை ஓடவிட்டு, தட்டுகளும் படலமும் சேர்ந்த ஒவ்வொரு பேனலின் முன்னும் காதை வைத்துக் கேட்பதுதான் முதல் பாடம். ஒலி ஏறும் வழியில் எங்கே கரகரக்கிறது, எங்கே ஒரு பேனல் மட்டும் மௌனமாகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பவர் போட்டதும் சன்னமாக இருந்து, ஒரு மணி நேரத்தில் மெல்ல மெல்லப் பழைய அளவுக்கு வருகிறதா? படலத்துக்கு மின்னூட்டம் போய்ச் சேரச் சிரமப்படுகிறது என்று பொருள். பாட்டே இல்லாதபோதும் சொடக்குச் சத்தம் வருகிறதா? எங்கோ கசிகிறது. விளக்கை அணைத்துவிட்டுக் கண் இருட்டுக்குப் பழகும் வரை காத்திருந்தால், கசியும் இடத்தில் மங்கலான நீலம் தெரியும். கூடவே ஓசோன் வாடையும் வரும்.

வாக்கர் இந்த ஸ்பீக்கரைப் பற்றி ஓர் எளிய உறவைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். நேர் எதிரே தொலைவில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கும் ஒலியின் அழுத்தம், தட்டுகளுக்குள் போகும் சிக்னல் கரண்டையும் படலத்தின் மின்னழுத்தத்தையும் பெருக்கியபடி ஏறும்; தட்டுக்கும் படலத்துக்கும் உள்ள இடைவெளி கூடினால் இறங்கும். இந்த ஒரு கணக்கு மனதில் பதிந்துவிட்டால் பாதி நோய் அறிகுறியிலேயே விளங்கிவிடும். மின்னழுத்தம் பாதியானால் ஒலி 6 டெசிபல் இறங்கும். 57-ல் பேஸ் பேனல்களுக்கு 6,000 வோல்ட்டும் நடுவிலுள்ள ட்ரெபிள் பேனலுக்கு 1,500 வோல்ட்டும் போக வேண்டும். பேஸ் மட்டும் மெலிந்து ட்ரெபிள் சரியாக இருந்தால், 6,000 வோல்ட் வரை ஏற்றும் டயோடு-கண்டென்சர் படிகளில் மேல்படிகள் சில களைத்துவிட்டன என்று திறக்காமலே சொல்லலாம்.

இந்த மின்னழுத்தத்தை அளப்பதே தனிக் கலை. சாதாரண மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். அதன் முனையை வைத்ததுமே இ.எச்.டி. எனப்படும் இந்த உயர் மின்னழுத்தம் சரிந்துவிடும், மீட்டர் காட்டும் எண் பொய்யாகிவிடும். நூறு கோடி ஓம் தடையுள்ள ஹை வோல்டேஜ் ப்ரோப் வேண்டும். பழைய பிக்சர் டியூப் டி.வி.க்களைப் பழுதுபார்த்தவர்களுக்கு இ.எச்.டி. என்ற சொல்லும், ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மறுகையால் மட்டும் வேலை செய்யும் பழக்கமும் புதிதல்ல. ஆனால் இங்கே அவர்கள் கூடுதலாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 6,000 வோல்ட் என்ற எண்தான் பயமுறுத்தும். அது மிகப் பெரிய தடைகளின் வழியாக வருவதால் அதிகக் கரண்ட் தராது. உண்மையான ஆபத்து இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கிறது: இ.எச்.டி. டிரான்ஸ்ஃபார்மருக்குள் வரும் வீட்டு மின்சாரம் ஒன்று, ஆம்ப்ளிஃபயரின் முழுப் பலமும் பின்னால் நிற்க ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தட்டுகளுக்குப் போகும் ஆயிரக்கணக்கான வோல்ட் இன்னொன்று. பாட்டு ஓடும்போது உள்ளே கை போகவே கூடாது. அணைத்த பிறகும் பேனலைத் தடையின் வழியாகத் தரையிறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

பேனலைத் திறப்பது கடினமில்லை, அலுப்பு. 57-ல் தட்டுகள் இரண்டும் வரிசை வரிசையாக ரிவெட் அடித்துச் சேர்க்கப்பட்டவை. அத்தனையையும் ஒவ்வொன்றாக டிரில் வைத்து எடுக்க வேண்டும். டிரில் வெளியேற்றும் தூள் ஒரு துகள்கூட உள்ளே தங்கக் கூடாது. அது நாளைக்கு மின்னல் இறங்கும் இடமாகிவிடும்.

திறந்த பேனல்தான் உண்மையான பாடப்புத்தகம். பழைய படலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்த ஸ்பீக்கரின் முழு வாழ்க்கையும் தெரியும். ட்ரெபிள் பேனலில் ஊசிமுனை அளவு பொத்தல்களும் அவற்றைச் சுற்றிப் பழுப்பு வளையங்களும் இருந்தால், யாரோ பெரிய ஆம்ப்ளிஃபயரை மாட்டியிருக்கிறார்கள். வாக்கர் இதற்கென்று வைத்திருந்த குவாட் 2 ஆம்ப்ளிஃபயரின் பலம் 15 வாட்தான். 57-ன் உச்ச வரம்பு 33 வோல்ட். அதைத் தாண்டினால் தட்டுக்கும் படலத்துக்கும் நடுவே பொறி பறக்கும். பின்னாளில் குவாட் நிறுவனமே 100 வாட் தரும் 405-ஐ வெளியிட்டபோது, 57 வைத்திருப்பவர்களுக்காக மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு பலகையையும் தர வேண்டியிருந்தது. நல்ல ஸ்பீக்கருக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர்தான் மரியாதை என்ற நினைப்பு இந்தப் பேனல்களைக் கொன்ற அளவுக்கு வயது கொன்றிருக்காது.

இப்போது பூச்சு. இந்தக் கைத்தொழிலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், இதில்தான் ஒருவரின் தேர்ச்சியும் தெரியும்.

படலம் வெறும் பிளாஸ்டிக். மின்னூட்டம் அதன் மேல் பரவ வேண்டுமானால் ஒரு பூச்சு வேண்டும். ஆனால் நன்றாக மின்சாரம் கடத்தும் பூச்சாக இருந்தால் கெட்டது. ஆழ்ந்த பேஸ் சுரத்தில் படலத்தின் நடுப்பகுதி தட்டை நெருங்கும்போது, பரப்பு முழுவதிலுமுள்ள மின்னூட்டம் அந்த நெருங்கிய இடத்தை நோக்கி ஓடிக் குவியும். விசை ஓரிடத்தில் கூடும், மற்ற இடத்தில் குறையும், ஒலி சிதையும். இன்னும் நெருங்கினால் பொறி பாய்ந்து பொத்தல் விழும். கடத்தவே கடத்தாத பூச்சு என்றாலோ மின்னூட்டம் ஓரத்திலேயே நின்றுவிடும், ஸ்பீக்கர் மணிக்கணக்கில் முனகும். இரண்டுக்கும் நடுவே ஓரிடம் இருக்கிறது: மெல்ல வந்து பரப்பு முழுவதும் நிறைந்துவிட்டால், ஒரு தாழ்ந்த சுரத்தின் ஓர் அதிர்வு முடிவதற்குள் மின்னூட்டம் இடம் மாறக் கூடாது. ஹண்டின் கணக்கு கைவேலையாக மாறும் இடம் இது. பரப்பின் தடை நூறு கோடி ஓம் என்ற அளவிலோ அதற்கும் மேலோ இருக்கும் பூச்சுகள் இதற்குச் சரிப்படும்.

வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்து பார்த்த முதல் தலைமுறை ஆர்வலர்கள் கிராஃபைட் தூளைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் தேய்ப்பதைவிடத் துடைத்து எடுப்பதில்தான் திறமை இருக்கிறது. கறுப்பு கண்ணுக்குத் தெரியும் வரை விட்டுவைத்தால் பூச்சு மிக நன்றாகக் கடத்தும், அதாவது கெட்டுவிடும். படலம் ஏறக்குறையப் பழைய தெளிவுக்கு வரும் வரை துடைத்துக்கொண்டே போக வேண்டும். குவாட் பயன்படுத்தியது கரையக்கூடிய ஒருவகை நைலான். ஆல்கஹாலில் கரைத்து மெல்லிய கோட்டாகத் தடவினால் கண்ணுக்கே தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். அதன் நயம் அபாரம்; ஆனால் நைலான் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் கடத்துகிறது. ஹீட்டர் ஓடும் ஐரோப்பியக் குளிர்கால வீட்டில் காற்று வறண்டு, இதே பூச்சு சோம்பிவிடும். நம் கடற்கரை ஊர்களில் நேரெதிர்த் தொல்லை. ஈரமும் தூசும் சேர்ந்து, மின்னூட்டம் எங்கே போகக் கூடாதோ அங்கே அதற்குப் பாதை போட்டுக் கொடுக்கும்.

பூச்சு எங்கே இருக்கக் கூடாது என்பதும் பாடம்தான். படலத்தின் விளிம்பில், சட்டத்தில் ஒட்டும் பகுதியை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்காவது வெறுமையாக விட வேண்டும். மின்னூட்டம் ஏற்றும் தொடுபட்டை இருக்கும் இடம் மட்டும் விலக்கு. இல்லாவிட்டால் பூச்சிலிருந்து தட்டுக்கு ஓரத்தின் வழியே கசிவு தொடங்கும். சமமாக வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. ஒரே இடைவெளியில் பொருத்திய இரண்டு முனைகளை, மிகப் பெரிய தடைகளை அளக்கும் மெக்கரில் இணைத்து, மேல், கீழ், நடு, மூலைகள் என்று தொட்டுத் தொட்டு அளக்க வேண்டும். எண்கள் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு மாறினால் கவலையில்லை. நூறு மடங்கு மாறினால் துடைத்துவிட்டு மறுபடி.

வெறும் விரல் பட்ட இடத்தில் தோலின் எண்ணெயும் உப்பும் தங்கிவிடும். அங்கே பூச்சு ஒட்டாது, ஒட்டினாலும் கடத்தும் அளவு மாறிப்போகும். மாதங்கள் கழித்து ஈரமான ஒரு மாலையில் அந்த இடத்திலிருந்துதான் சொடக்குச் சத்தம் தொடங்கும். நகைத்தொழிலில், மரவேலையில், நெசவில் நாம் செய்தவரின் கையைத் தேடி ரசிக்கிறோம். ஒரு சிறு கோணல்கூட அங்கே அழகாகிவிடும். இங்கே செய்தவரின் கை ஓரிடத்தில் தெரிந்தாலும் வேலை பழுது. பரப்பு முழுவதும் ஒரே இழுப்பு, ஒரே பூச்சு, ஒரே இடைவெளி. எந்த மூலையும் தனக்கென்று ஒன்றைச் சொல்லக் கூடாது. இவ்வளவு தன்னை அழித்துக்கொள்ளும் கைவேலை வேறொன்றை நான் அறியேன். அதனாலேயே இதன் மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு.

இழுப்பும் இதே ஒழுங்கில்தான் வரும். படலம் தளர்ந்திருந்தால் மின்னூட்டம் ஏறியதும் ஒரு தட்டின் பக்கம் சாய்ந்து ஒட்டிக்கொள்ளும்; தட்டை நெருங்க நெருங்க இழுக்கும் விசை ஏறுவதால் அது தானாகத் திரும்பி வராது. அளவுக்கு மீறி இறுக்கினாலோ பேஸ் போய்விடும். மிருதங்க வித்வான் கல்லால் தட்டிக்கொண்டே சுற்றிவந்து ஒவ்வொரு கண்ணிலும் ஒரே சுருதி பேசுகிறதா என்று பார்ப்பதைப் போல, இங்கேயும் சுற்றிலும் சமமாக வர வேண்டும். கருவி மட்டும் வேறு. சிலர் படலத்தைப் பெரிய சட்டத்தில் ஒட்டி, ஓரங்களில் சைக்கிள் டியூபைப் பொருத்திக் காற்றடிக்கிறார்கள். டியூப் உப்ப உப்பப் படலம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக நீளும். சிலர் ஹீட் கன்னைத் தூரத்திலிருந்து காட்டிச் சுருங்க வைக்கிறார்கள். தூசுத் திரைக்கு ஹீட் கன் போதும். ஒலி தரும் படலத்துக்கு இயந்திர இழுப்பே நல்லது என்பது என் துணிபு, ஏனென்றால் வெப்பத்தில் ஒரு கணம் கை தயங்கினாலும் அந்த இடம் மற்ற இடங்களிலிருந்து வேறாகிவிடும். இழுத்து முடித்தபின் நடுவில் சிறு எடையொன்றை வைத்து எவ்வளவு தொய்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஜோடியின் மறுபேனலும் அதே அளவு தொய்ய வேண்டும்.

63-ஐப் பழுதுபார்ப்பது இன்னொரு உலகம். வாக்கர் அதில் தட்டை எட்டு வளையங்களாகப் பிரித்து, நடு வளையத்துக்கு முதலிலும் வெளி வளையங்களுக்குச் சற்றுத் தாமதித்தும் ஒலியை அனுப்பினார். தட்டையான படலம், தனக்கு 30 சென்டிமீட்டர் பின்னாலுள்ள ஒரு புள்ளியிலிருந்து ஒலி உருண்டு விரிவது போலப் பேசும். அறிவுக்கு அது பெரிய விருந்து. ஆனால் அந்த ஸ்பீக்கரின் பொதுவான நோய் அறிவு சார்ந்ததல்ல: தட்டைப் பிளாஸ்டிக் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் பசை வருடங்கள் போகப் போக விட்டுவிடுகிறது. தட்டு தளர்ந்து, சில சுரங்களில் அதிரத் தொடங்கும். பழைய பசையைச் சுரண்டி, எபாக்ஸி போட்டு, சமதளத்தில் பாரம் வைத்து உலர விட வேண்டும். பொறுமை போதும், கலை அதிகம் தேவையில்லை. 57-ல்தான் கைக்கு வேலை இருக்கிறது. குவாட் கைவிட்ட அதன் உற்பத்திக் கருவிகளை ஜெர்மனியில் ஒரு பட்டறை வாங்கி, புதிய பேனல்கள் செய்து தருகிறது என்பதும் அதன் மேலுள்ள பிரியத்தைக் காட்டுகிறது.

வெளித்துணியை மாற்றி, சட்டத்துக்குப் பாலிஷ் போட்டு, ‘முழுவதும் புதுப்பித்தது’ என்று விற்கப்படும் ஜோடிகளும் சந்தையில் உண்டு. வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் பேசுகின்றனவா? மோனோ பதிவில் ஒற்றைக் குரலைப் போட்டு, சரியாக நடுவில் உட்கார்ந்து கேட்டால் போதும். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, ஓர் ஆளின் அகலத்தில் அசையாமல் நிற்க வேண்டும். மேல் சுரத்தில் ஒருபக்கம் நகர்ந்தால் ட்ரெபிள் பேனல் ஒன்று தளர்ந்திருக்கிறது. கீழ்ச் சுரத்தில் நகர்ந்தால் பேஸ் பக்கம் கோளாறு.

கற்க விரும்புகிறவர் தூசுத் திரையில் தொடங்கலாம். மின்னூட்டம் பெற்ற படலம் அறையிலுள்ள தூசையெல்லாம் தன்னிடம் இழுக்கும் என்பதால், பேனலின் முன்னும் பின்னும் ஒலியைத் தடுக்காத இன்னொரு மெல்லிய படலம் கட்டப்பட்டிருக்கும். பழைய ஸ்பீக்கர்களில் முதலில் கிழிவதும் தொய்வதும் இதுதான்; தகரச் சத்தம் என்று வரும் புகார்கள் பலவும் இதைப் புதிதாகக் கட்டியதும் தீர்ந்துவிடும். படலத்தைச் சுருக்கமில்லாமல் விரிப்பது, சட்டத்தில் ஒட்டுவது, வெப்பம் காட்டி இறுக்குவது, தூசு புகாமல் மூடுவது என்று கை கற்க வேண்டிய எல்லாமே இதில் இருக்கிறது. பேனலுக்குள் தலையிட வேண்டியதில்லை, அணைத்துத் தரையிறக்கிய ஸ்பீக்கரில் செய்கிற வேலை என்பதால் மின்னழுத்தத்தின் பயமும் இல்லை. கிழிந்தால் இன்னொரு துண்டு வெட்டிக்கொள்ளலாம், படலம் மலிவுதான். அதில் கை படிந்த பிறகு இ.எச்.டி. பலகைக்குப் போகலாம், அதன் பிறகு பேஸ் பேனல். ட்ரெபிள் பேனலில் இடைவெளி குறைவு, பிழைக்கும் இடம் குறைவு. அதைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது.